பூச்சி போன பிறகும் ஆறாத குடல்: ஒரு ஜியார்டியா நோயாளியின் பதினோரு மாதங்கள்

நோயாளி ஒரு பெண், வயது 36. அலுவலகத்தில் கணக்கு வேலை. சிறுகுடலில் தங்கி வயிற்றுப்போக்கைத் தரும் ஜியார்டியா என்ற நுண் ஒட்டுண்ணி தொற்றியவர். என்னிடம் வந்தது நோய் தொடங்கிப் பதின்மூன்றாவது வாரத்தில். உட்கார்ந்ததும் தடிமனான ஒரு ஃபைலை மேசை மேல் வைத்து, "இன்னொரு தடவை பூச்சி மருந்து எழுதிக் கொடுங்க டாக்டர், இந்தத் தடவை கொஞ்சம் ஸ்ட்ராங்கா" என்றார். அதற்குள் நான்கு கோர்ஸ் மருந்து சாப்பிட்டு முடித்திருந்தார். ஐந்தாவதை நான் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை, அதற்குப் பதிலாக என்ன செய்தோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத்தான் இங்கே பதிகிறேன். அடையாளம் தெரியாமலிருக்க, இதே நிலையில் வந்த வேறு இரண்டு பேரின் விவரங்களையும் இதில் கலந்திருக்கிறேன்.

நோய் வரலாறு

தொடக்கம் சாதாரணமானதுதான். ஒரு நாள் காலையில் தண்ணீராகப் போனது. அன்று மட்டும் ஏழெட்டு முறை. காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை. நான்காம் நாளும் நிற்காததால் அருகிலிருந்த மருத்துவர் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஐந்து நாளைக்குக் கொடுத்தார். எண்ணிக்கை குறைந்தது, ஆனால் மலத்தின் குணம் மாறிவிட்டது. வெளிறிப்போய், எண்ணெய்ப் பசையோடு தண்ணீரில் மிதந்தது. ஃப்ளஷ் செய்தாலும் முழுதாகப் போகவில்லை. ஏப்பம் விட்டால் அழுகிய முட்டை வாடை. இந்த ஏப்பத்தைப் பற்றி அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். முதல் வாரத்திலேயே யாராவது கேட்டு இதைச் சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். காய்ச்சலும் ரத்தமும் இல்லாமல், கொழுப்பு மிதக்கும் மலமும் கந்தக வாடை ஏப்பமும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஜியார்டியாவைத்தான்.

மூன்றாவது வாரம் வேறு ஒருவர் அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் கொடுத்தார். நான்காவது வாரம் மலப் பரிசோதனை, ஒரே ஒரு மாதிரி, 'எதுவும் இல்லை' என்று வந்தது. ஆறாவது வாரம் மறுபடி பார்த்தபோது ஜியார்டியா சிஸ்ட்கள், அதாவது கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும் ஒட்டுண்ணிகள், தெரிந்தன. இதில் ஆய்வகத்தின் மேல் குற்றமில்லை. ஜியார்டியா தினமும் வெளியே வருவதில்லை. ஒரு நாள் நிறைய வரும், அடுத்த சில நாள் ஒன்றுகூட இருக்காது. அதனால்தான் வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கேட்கிறோம், அல்லது ஒட்டுண்ணியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜன் பரிசோதனை செய்கிறோம். ஒரு மாதிரியை வைத்து 'இல்லை' என்று சொல்வது, வாசலில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வீட்டில் ஆளில்லை என்பது போலத்தான்.

ஜியார்டியாவைக் கொல்லும் மெட்ரோனிடசோல் ஏழு நாள். வாயெல்லாம் உலோகக் கசப்பு, ஆனால் பன்னிரண்டு நாள் நன்றாக இருந்தார். அப்புறம் திரும்ப வந்துவிட்டது. ஒன்பதாவது வாரம் மலத்தில் மறுபடியும் சிஸ்ட்கள். இந்தத் தடவை மெட்ரோனிடசோல் பத்து நாள். அது பதினொன்றாவது வாரத்தில் முடிந்தது. அதற்குப் பின் எடுத்த மூன்று மலப் பரிசோதனைகளிலும் ஒன்றுமில்லை, ஆன்டிஜனும் இல்லை. ஆனால் அவர் நன்றாக ஆகவில்லை. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு பறை போல உப்பியது. நாளைக்கு மூன்று நான்கு முறை தளர்வான மலம். மாலை நான்கு மணிக்கு மேல் மேசையில் தலை வைத்துப் படுக்கும் அளவு சோர்வு. 54 கிலோ இருந்தவர் 48 ஆகியிருந்தார்.

நான் பார்த்ததும், கேட்க மறந்ததும்

வயிறு மென்மையாக இருந்தது, கட்டி இல்லை, தைராய்டு சரி. ஹீமோகுளோபின் 11.4. வைட்டமின் பி12 கீழ் எல்லையை ஒட்டியிருந்தது. கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பழுதாகும் சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள் இல்லை, மொத்த ஐஜிஏ சரியாக இருந்தது. ஜியார்டியா திரும்பத் திரும்ப வருபவரிடம் ஐஜிஏ பார்க்காமல் விடக்கூடாது. குடலின் உட்பரப்பில் காவல் நிற்கும் எதிர்ப்பொருள் அது, அது குறைந்தவர்களிடம் இந்த ஒட்டுண்ணி விடாப்பிடியாகத் தங்கும். மலத்தில் கால்புரொடெக்டின் 38. ஐம்பதுக்குக் கீழே இருந்தால் குடலில் பெரிய அழற்சி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எண்டோஸ்கோபி செய்து முன்சிறுகுடலில் பயாப்சி எடுத்தோம். உணவை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் நல்ல உயரத்தில் இருந்தன. மேல்தோலில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் கொஞ்சம் அதிகம். ஜியார்டியா ஒன்றுகூட இல்லை. ஆக, நோய்க்குக் காரணமானது போய்விட்டது, நோய் மட்டும் இருக்கிறது.

முதல் சந்திப்பில் நான் ஒரு கேள்வி கேட்கத் தவறினேன். வீட்டில் சிறு குழந்தை உண்டா? இரண்டாவது சந்திப்பில், பேச்சோடு பேச்சாக, "குழந்தையை காப்பகத்துல இருந்து கூப்பிடணும், சீக்கிரம் போகணும்" என்று அவரே சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டரை வயது. டயப்பர். காப்பகம். ஜியார்டியா பரவுவதற்கு இதைவிட வசதியான இடம் இல்லை. பத்து சிஸ்ட் வயிற்றுக்குள் போனாலே தொற்றுவதற்குப் போதும். குழந்தையின் மலத்தை அனுப்பினோம், ஆன்டிஜன் இருந்தது. குழந்தைக்கோ ஒரு தொந்தரவும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாள் கழித்து அம்மாவுக்கு நோய் திரும்பியதற்கு மருந்து தோற்றது காரணமாக இருக்க வேண்டியதில்லை. டயப்பர் மாற்றிய கையாலேயே மறுபடி தொற்றியிருக்கலாம். அறிகுறியே இல்லாத குழந்தைக்குப் பொதுவாக மருந்து கொடுப்பதில்லை. இங்கே கொடுத்தோம், வீட்டில் ஒருவர் திரும்பத் திரும்ப விழுகிறார் என்பதால். நிடசாக்சனைடு சிரப், மூன்று நாள். கையைச் சோப்பு போட்டுக் கழுவுவது பற்றியும் பேசினோம். சாராயம் கலந்த கை ஜெல்லை நம்பி இருக்க வேண்டாம், சிஸ்ட்டின் கெட்டியான ஓட்டை அது சரியாகத் தொடாது.

ஜியார்டியா குடலில் என்ன செய்கிறது

1681-இல் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி அன்டோனி வான் லீவன்ஹூக், தனக்குப் பேதியானபோது தன் மலத்தையே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அவர் அப்போது விவரித்த, வேகமாக நகரும் சிறு விலங்கு ஜியார்டியா என்றுதான் கருதப்படுகிறது. பேரிக்காயைப் பாதியாக வெட்டியது போன்ற உடல், இரண்டு கருக்கள், நான்கு ஜோடி வால் மயிர்கள். நேருக்கு நேர் பார்த்தால் இரண்டு கண்ணோடு ஒரு முகம் நம்மையே பார்ப்பது போல இருக்கும். மாணவர்களாக இருந்தபோது நாங்கள் எல்லோரும் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

இது குடல் சுவரைத் துளைத்து உள்ளே போவதில்லை. வயிற்றுப்புறத்தில் இருக்கும் தட்டு போன்ற உறுப்பால் சிறுகுடலின் மேல்தோலில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் ஒட்டிய இடத்தில் செல்களின் தூரிகை மயிர்கள் குட்டையாகின்றன. செல்லுக்குச் செல் இடையே இருக்கும் இறுக்கமான பூட்டுகள் தளர்கின்றன. பால் சர்க்கரையை உடைக்கும் லேக்டேஸ் நொதி தூரிகை மயிர்களில்தான் குடியிருக்கிறது, அதனால் அதுதான் முதலில் குறைகிறது. மயிர்கள் மறுபடி முளைக்க வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள்.

இது பாடப்புத்தகத்தில் இருக்கும் பகுதி. இந்த நோயாளியைப் புரிந்துகொள்ள இது பாதிதான். மீதிப் பாதி, அதே குடலில் ஏற்கெனவே குடியிருப்பவர்களைப் பற்றியது.

ஒரு மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்கின்றன, பெரும்பாலும் பெருங்குடலில். முன்சிறுகுடலில் மிகக் குறைவு. ஒரு மில்லி லிட்டருக்கு ஆயிரம், பத்தாயிரம் என்ற கணக்கு. பெருங்குடலில் அதே அளவு இடத்தில் பத்தாயிரம் கோடி. ஜியார்டியா தங்குவது பாக்டீரியா குறைவாக இருக்கும் அந்த மேல் பகுதியில். ஆனாலும் கீழ்வீட்டுக்காரர்களோடு அதற்கு வரவு செலவு உண்டு.

2000-இல் ஸ்டீவன் சிங்கர், தியோடர் நாஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். மரபில் ஒன்றேயான எலிகள், ஆனால் இரண்டு வேறு பண்ணைகளிலிருந்து வாங்கியவை. ஒரு பண்ணை எலிகளுக்கு ஜியார்டியா எளிதாகத் தொற்றியது, மற்றொரு பண்ணை எலிகளுக்குத் தொற்றவில்லை. இரண்டையும் ஒரே கூண்டில் விட்டால் எதிர்ப்பு இல்லாதவற்றுக்கும் எதிர்ப்பு வந்துவிட்டது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் எதிர்ப்பு இருந்தவற்றுக்கும் தொற்றியது. எலிகள் ஒன்றின் மலத்தை மற்றொன்று தின்னும், அதனால் கூண்டில் பரவியது குடல் பாக்டீரியாதான். ஒரே மரபு, ஒரே ஒட்டுண்ணி. யாருக்குத் தொற்றுகிறது என்பதை முடிவு செய்தது பாக்டீரியா.

இந்தப் பெண்ணுக்கு நான்காம் நாளே சிப்ரோஃப்ளாக்சசின், மூன்றாம் வாரம் அசித்ரோமைசின் கொடுத்ததை நினைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஜியார்டியா மேல் சொல்லிக்கொள்ளும்படி வேலை இல்லை. அதைத் தடுத்து நிற்கக்கூடிய பாக்டீரியா மேல் மட்டும் வேலை உண்டு. அதனால்தான் அவருக்கு நோய் முற்றியது என்று என்னால் நிரூபிக்க முடியாது, எலியில் நடந்ததை அப்படியே மனிதரின் தலையில் கட்டவும் கூடாது. ஆனால் காய்ச்சலும் ரத்தமும் இல்லாத வயிற்றுப்போக்குக்கு, மலத்தைப் பார்க்காமல் ஆன்டிபயாடிக் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒட்டுண்ணியும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்திருக்கின்றன என்பதற்கு ஜியார்டியா மட்டும் சாட்சி இல்லை. 1950-களில் பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த கினிப்பன்றிகளின் குடலில் சீதபேதி அமீபாவை விட்டுப் பார்த்தபோது புண் வரவில்லை. பாக்டீரியாவும் சேர்ந்தால்தான் புண் வந்தது. எலியின் சாட்டைப்புழு முட்டைகள் குடல் பாக்டீரியா வந்து ஒட்டினால்தான் பொரிக்கின்றன என்பது 2010-இல் தெரிந்தது. புழுவைப் பொரிக்க வைப்பதும் பாக்டீரியா, தொற்றைத் தடுப்பதும் பாக்டீரியா. அதனால் 'நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா' என்று இரண்டு பெட்டியில் போட்டுப் பேசுவதை நான் நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

மருந்தின் இரண்டு முகம்

மெட்ரோனிடசோல் முதலில் வந்தது டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்காக. அந்த மருந்தைச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு, எதிர்பாராமல், ஈறுப் புண்ணும் ஆறிவிட்டது. அது 1962-இல் பதிவானது. ஈறுப் புண்ணுக்குக் காரணம் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியா. ஒட்டுண்ணிக்கு என்று கொடுத்த மருந்து பாக்டீரியாவையும் கொல்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது இப்படித்தான்.

காரணம் எளியது. ஜியார்டியாவும் ஆக்சிஜனை விரும்பாத உயிர்தான். சக்தி தயாரிக்கும்போது அதற்குள் எலெக்ட்ரான்களைக் கைமாற்றும் ஒரு நொதிச் சங்கிலி ஓடுகிறது. மெட்ரோனிடசோல் உள்ளே போகும்போது சாதுவான பொருள். அந்தச் சங்கிலியிலிருந்து ஒரு எலெக்ட்ரானை வாங்கிய பிறகுதான் விஷமாகி டிஎன்ஏவை உடைக்கிறது. நம் செல்களில் அந்தச் சங்கிலி இல்லை, அதனால் நாம் தப்பிக்கிறோம். ஆனால் பெருங்குடலில் இருக்கும் பெரும்பான்மை பாக்டீரியாவும் ஆக்சிஜன் இல்லாமல் வாழ்பவைதான், அவற்றிடமும் அதே சங்கிலி இருக்கிறது. ஜியார்டியாவின் பலவீனமும் பெருங்குடல் பாக்டீரியாவின் பலவீனமும் ஒன்றே. ஒன்றை மட்டும் அடிக்க இந்த மருந்தால் முடியாது.

அதற்காக மெட்ரோனிடசோல் கொடுத்தது தவறு என்று சொல்லவில்லை. சிஸ்ட் தெரிந்தது, ஆள் இளைத்துக்கொண்டே போனார், கொடுக்கத்தான் வேண்டும். அதே வகை மருந்தான டினிடசோல் ஒரே வேளையில் இரண்டு கிராம் கொடுத்திருந்தால் வேலை சுருக்கமாக முடிந்திருக்கும் என்பது என் விருப்பம், வேறொன்றுமில்லை. பிரச்சினை, ஒட்டுண்ணி போய்விட்டது என்று தெரிந்த பிறகும் தொந்தரவு இருக்கிறதே என்று அதே மருந்தை மூன்றாவது தடவை கேட்பதில் இருக்கிறது.

முப்பது பக்க அறிக்கை

ஃபைலில் கடைசியாக இருந்தது அதுதான். குடல் பாக்டீரியா முழுவதையும் மரபணு வழியாகக் கணக்கெடுத்த ஓர் அறிக்கை. முப்பது பக்கம், சிவப்பும் ஆரஞ்சும் பச்சையுமாகப் பட்டைகள். 'பன்முகத்தன்மை: குறைவு' சிவப்பில். 'புரோட்டியோபாக்டீரியா: அதிகம்' சிவப்பில். 'ஃபீகாலிபாக்டீரியம்: மிகக் குறைவு' அடர் சிவப்பில். கடைசிப் பக்கத்தில் 'பிளாஸ்டோசிஸ்டிஸ்: கண்டறியப்பட்டது'. அவர் அதைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். "பூச்சி இன்னும் இருக்கு டாக்டர்."

நான் முதல் பக்கத்துக்குப் போய் மாதிரி எடுத்த தேதியைப் பார்த்தேன். பிறகு ஃபைலில் ஒட்டியிருந்த மாத்திரை அட்டையின் பின்னால் அவரே பேனாவால் எழுதி வைத்திருந்த தேதியைப் பார்த்தேன். கணக்கு வேலை பார்ப்பவர், எல்லாவற்றுக்கும் தேதி போட்டிருந்தார். இரண்டுக்கும் இடையே ஒன்பது நாள். பத்து நாள் மெட்ரோனிடசோல் முடித்து ஒன்பதாவது நாள் எடுத்த மாதிரியில் ஆக்சிஜன் விரும்பாத பாக்டீரியா குறைந்திருக்கும் என்று சொல்ல முப்பது பக்கம் தேவையில்லை. அறுவடை முடிந்த வயலைப் படம் எடுத்து, விளைச்சல் குறைவு என்று சொல்வது போல.

வேறு இரண்டு குறைகளும் அந்த அறிக்கைக்கு உண்டு. நோய் வருவதற்கு முன் அவர் குடல் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது, ஒப்பிட ஒன்றுமில்லை. அப்புறம், மலத்தில் தெரிவது பெருங்குடலின் கடைசிப் பகுதி. நோய் நடந்தது சிறுகுடலின் மேல் பகுதியில். ஃபீகாலிபாக்டீரியம் போன்றவை நார்ச்சத்தை நொதிக்கவைத்து பியூட்டிரேட் தயாரிக்கின்றன, பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முக்கிய உணவு, அது குறைந்தது நல்லதில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்தத் தகவலால் நான் எழுதும் மருந்துச் சீட்டு ஒரு எழுத்துகூட மாறாது.

பிளாஸ்டோசிஸ்டிஸ் என்பது குடலில் வாழும் வேறொரு ஒற்றைச் செல் உயிர். அதன் விஷயம் சுவையானது. எந்தத் தொந்தரவும் இல்லாத ஆரோக்கியமானவர்களிடம் இது ஏராளமாக இருக்கிறது. இது இருப்பவர்களின் குடலில் பாக்டீரியா வகைகளும் அதிகமாக இருக்கின்றன என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். இது அந்த வளத்துக்குக் காரணமா, வளமான இடத்தைத் தேடிக் குடியேறியதா என்பது வேறு கேள்வி. எப்படியானாலும், இதைக் கண்டவுடன் கொல்லக் கிளம்புவது சரியில்லை. மேலும், இரண்டு கோர்ஸ் மெட்ரோனிடசோலில் சாகாதது மூன்றாவதில் சாகும் என்று நம்ப என்ன காரணம் இருக்கிறது?

இதையெல்லாம் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை. "அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லைங்கிறீங்களா?" என்று கேட்டார். இல்லை, இருக்கிறது, ஆனால் அது பூச்சி இல்லை என்றேன். அதைக் காட்ட ஒரு பரிசோதனை இருக்கிறது, ஆனால் ஆன்டிபயாடிக் முடித்து நான்கு வாரமாவது ஆக வேண்டும், இன்னும் இரண்டு வாரம் காத்திருங்கள் என்றேன். எரிச்சலோடுதான் போனார்.

மூச்சில் வரும் ஹைட்ரஜன்

மனித செல் எதுவும் ஹைட்ரஜன் வாயு தயாரிப்பதில்லை. நம் மூச்சில் ஹைட்ரஜன் இருந்தால் அது முழுக்க முழுக்கக் குடல் பாக்டீரியா விட்ட மூச்சு. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குள் விழும் சர்க்கரையை அவை நொதிக்கவைக்கின்றன. அப்போது உண்டாகும் வாயு ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியே வருகிறது. இந்தப் பரிசோதனையின் அழகே அதுதான். ஊசி இல்லை, குழாய் இல்லை, ஊதினால் போதும்.

வெறும் வயிற்றில் 25 கிராம் லேக்டோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்தோம். அரை மணிக்கு ஒருமுறை ஊதினார். குடிக்கும் முன் 4 பிபிஎம், அதாவது மூச்சில் பத்து லட்சத்துக்கு 4 பங்கு ஹைட்ரஜன். அரை மணியில் 5. ஒரு மணியில் 11. ஒன்றரை மணியில் 29. அந்த நேரத்தில் வயிற்றிலிருந்து வந்த சத்தம் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது. அவர் இடுப்புப் பட்டியைத் தளர்த்திக்கொண்டார். இரண்டு மணியில் 52, இரண்டரையில் 68. தொடக்க அளவைவிட 20 ஏறினாலே லேக்டோஸ் செரிக்கவில்லை என்று அர்த்தம். மூன்று மணிக்குள் இரண்டு முறை கழிப்பறை போய் வந்தார். திரும்பி வந்து அந்த எண்களைத் தானே வரிசையாக எழுதிக் கோடு போட்டுப் பார்த்தார். முப்பது பக்கம் செய்யாததை அந்த ஆறு எண்கள் செய்தன. அன்றுதான் அவர் பூச்சியை விட்டார் என்று நினைக்கிறேன்.

சிறுகுடலுக்குள்ளேயே பாக்டீரியா அளவுக்கு மேல் பெருகிவிட்டதா என்று பார்க்க வேறொரு நாள் குளுக்கோஸ் கொடுத்து ஊத வைத்தோம். அது சரியாக இருந்தது.

இனி ஒரு சிக்கல். உலகத்தில் வளர்ந்த மனிதர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் குழந்தைப் பருவம் கடந்ததும் லேக்டேஸ் மரபுப்படியே குறைந்துபோகும். அப்படியானால் இவருக்கும் அது முன்பே குறைந்திருக்கலாம், ஜியார்டியா மேல் பழி போட முடியாதே? ஆனால் நோய்க்கு முன் தினமும் இரண்டு டம்ளர் பால் குடித்து ஒன்றும் ஆகாமல் இருந்தவர் இவர். இதற்கு இரண்டு விளக்கம் உண்டு. ஒன்று, லேக்டேஸ் இருந்தது, தூரிகை மயிர்களோடு ஜியார்டியா அதையும் கொண்டுபோனது. மற்றொன்று எனக்கு இன்னும் சுவையாகப் படுகிறது. லேக்டேஸ் முன்பே குறைவுதான், ஆனால் தினமும் பால் வந்து விழுந்ததால் பெருங்குடல் பாக்டீரியா அதற்குப் பழகி, தொந்தரவு தராமல் அதைக் கையாண்டுகொண்டிருந்தன. இப்படிப் பழகுவது உண்மையில் நடக்கிறது. தினமும் லேக்டோஸ் கொடுத்துக்கொண்டே வந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் மூச்சு ஹைட்ரஜன் இறங்குவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் பழகிய கூட்டத்தை நான்கு கோர்ஸ் மருந்து கலைத்துவிட்டது என்றால், பழைய பால் புதிய எதிரியாகிவிடும். எது உண்மை என்று பயாப்சியில் லேக்டேஸை அளந்திருந்தால் தெரிந்திருக்கும். அளக்கவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பதே என் ஊகம். எப்படியிருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கொஞ்ச நாள் நிறுத்தி, பிறகு சிறுகச் சிறுகத் திரும்பக் கொடுப்பது.

சிகிச்சை

ஆறு வாரம் பால் நிறுத்தம். எளிதில் நொதிக்கும் வேறு சில உணவுகளும் நான்கு வாரம் மட்டும் குறைவு. இதில் நாள் குறிப்பது முக்கியம். இந்தக் கட்டுப்பாடுகளை மாதக்கணக்கில் இழுத்தால் பாக்டீரியாவுக்குக் கிடைக்கும் நார்ச்சத்தும் குறைந்து, நாம் காப்பாற்ற நினைத்தவற்றையே பட்டினி போடுகிறோம். பி12 ஊசி போட்டோம். கரையும் நார் கொஞ்சமாகத் தொடங்கிக் கூட்டினோம். வெளியே போக வேண்டிய நாளுக்கு மட்டும் பேதியைக் கட்டுப்படுத்தும் லோபெரமைடு.

ஒரு தவறும் செய்தேன். கேட்டார் என்பதற்காக, வெறும் கையோடு அனுப்ப வேண்டாமே என்ற பலவீனத்தில், உயிருள்ள பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் கேப்ஸ்யூல் எழுதினேன். உப்புசம் கூடியது, இரண்டு வாரத்தில் அவரே நிறுத்திவிட்டார். அந்தக் கேப்ஸ்யூல்தான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தின் ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பின் புரோபயாடிக் சாப்பிட்டவர்களைவிட எதுவும் சாப்பிடாமல் விடப்பட்டவர்களுக்குச் சொந்தப் பாக்டீரியா வேகமாகத் திரும்பியது. அது தெரிந்தும் எழுதினேன் என்பதுதான் உறுத்தல்.

பால் நிறுத்தம் முடிந்த பிறகு 50 மில்லி பால், சாப்பாட்டோடு சேர்த்து. நான்கு நாள் அதே அளவு, பிறகு 100. நூற்றைம்பதில் ஒருமுறை வயிறு கலங்கியது, ஒரு படி இறங்கி மறுபடி ஏறினோம். மூன்று மாதத்தில் எடை 51. ஐந்தாவது மாதம் மூச்சுப் பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது உச்சம் 18. சோர்வு மட்டும் மெதுவாகத்தான் விலகியது. வயிறு சரியாகிய பிறகும் இரண்டு மாதம் மாலைகளில் அவரைப் படுக்க வைத்தது.

பெர்கன்

அந்தச் சோர்வு மனப்பிரமை என்று இவரிடம் ஒருவர் சொல்லியிருந்தார். அதனால்தான் பெர்கனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2004 இலையுதிர் காலத்தில் நார்வேயின் பெர்கன் நகரக் குடிநீர் ஏரி ஒன்றில் கழிவுநீர் கசிந்து, ஜியார்டியா ஊர் முழுக்கப் பரவியது. ஆய்வகத்தில் உறுதியானவர்கள் மட்டுமே 1,200-க்கு மேல். அங்கே இந்த நோய் அதற்கு முன் ஏறக்குறைய இல்லை. அதனால் ஒரு பெருந்தொற்று முடிந்த பிறகு குடலுக்கு என்ன ஆகிறது என்பதைச் சுத்தமாகப் பார்க்க முடிந்தது. மூன்று வருடம் கழித்து, தொற்று வந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு எரிச்சல் குடல் நோய் இருந்தது. தொற்று வராதவர்களிடம் 14 சதவீதம். நீடித்த சோர்வு 46-க்கு 12. பத்து வருடம் கழித்தும் குடல் தொந்தரவு 43-க்கு 14 என்றே இருந்தது. இவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் ஒட்டுண்ணி எப்போதோ போய்விட்டது.

ஏன் இப்படி நீடிக்கிறது என்பதற்குப் பாக்டீரியா ஒரு பகுதி விடைதான். தளர்ந்த பூட்டுகள், மேல்தோலில் தங்கிவிட்ட நோய் எதிர்ப்புச் செல்கள், முன்பைவிடக் கூர்மையாகிவிட்ட குடல் நரம்புகள் எல்லாம் இதில் சேர்ந்திருக்கின்றன. கனடாவில் கால்கரியைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று வேறொன்றையும் காட்டியிருக்கிறது. மனிதக் குடல் பாக்டீரியா அடுக்கடுக்காக ஒட்டி வாழும் படலத்தை ஜியார்டியாவோடு சேர்த்து வளர்த்து, பிறகு ஜியார்டியாவை நீக்கிவிட்டார்கள். அதன் பின்னும் அந்தப் பாக்டீரியா பழையபடி சாதுவாக இல்லை. குடல் செல்களுக்குத் தீங்கு செய்யும் குணம் அவற்றிடம் தங்கியிருந்தது. ஒட்டுண்ணி போன பிறகும் நோய் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் இது. ஆனால் ஆய்வகத் தட்டில் நடந்ததை வைத்து ஒரு நோயாளிக்கு மருந்து எழுதத் துணிய மாட்டேன்.

பதினோராவது மாதம்

கடைசியாகப் பார்த்தபோது எடை 53. மலம் நாளைக்கு ஒன்றிரண்டு முறை, சரியான பதத்தில். வாரத்தில் ஒருநாள் உப்புசம் வருகிறது, பெரும்பாலும் வேலை நெருக்கடியான மாதக் கடைசியில். ஒரு டம்ளர் பால் தாங்குகிறது, இரண்டாவது தாங்கவில்லை. குழந்தைக்கு மறுபரிசோதனையில் ஆன்டிஜன் இல்லை, ஆனால் காப்பகத்தில் மறுபடி தொற்றாது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இடையில் அலுவலகத்தில் நடந்த முழு உடல் பரிசோதனையில் அவரது மலத்தையும் பார்த்திருந்தார்கள். அந்த ஒற்றைத் தாளை மட்டும் எடுத்து வந்திருந்தார். பிளாஸ்டோசிஸ்டிஸ் அங்கேயேதான் இருந்தது.

"இது இருக்கட்டுமா டாக்டர்?"

"இருக்கட்டும்மா."

தாளின் மூலையில் தேதி போட்டு, ஃபைலில் கடைசியாகச் சொருகிக்கொண்டார்.